சர்பத் அபராதம்

தம்பி, செல்வராசு தன் ஆட்டோவில் பெரம்பலூர் வந்து இதை உன் கையில் கொடுப்பான். வாசலில் நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு பாக்கெட்டில் மடித்து வைத்துவிடாதே. உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாமே என்று உன் அப்பா கேட்டார். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எனக்கும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும், சொல்ல வந்தது விட்டுப்போகும். எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும் என்று பார்க்கிறேன். காலையில் இட்லித் தட்டை ஏற்றிவிட்டுக் கொஞ்சம், மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு கொஞ்சம் என்று எழுதியிருக்கிறேன். சில இடத்தில் மாவுக்கறை இருக்கும், கண்டுகொள்ளாதே.

முதலில் இது உனக்கு. நீ சரி என்றால், நீ ஆரம்பித்து வைத்த 'கோட்டைக் கடைகள்' வாட்ஸ்அப் குழுவிலும் போடச் சொல்வேன். ஏனென்றால் நீ மன்னிப்புக் கேட்டது எல்லோர் முன்னாலும்தான். ரஞ்சன்குடிக் கோட்டை அடியில் கடை வைத்திருக்கிற அத்தனை பேரையும் நம் கடைப் பந்தலில் கூட்டி, கை கூப்பி, "தப்பு என்னோடது, இனிமே நான் இந்த வேலைல இல்ல" என்றாய். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "உன் தப்பு இல்ல தம்பி, நேரம் சரியில்ல" என்றார்கள். சர்பத் வண்டி காதர் பாய் உன்னைக் கட்டிப் பிடித்து அழுதார். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து நேராக வந்த உன் அப்பா, உடம்பெல்லாம் தூசியோடு நின்று "விடுடா, விடுடா" என்று முதுகைத் தடவினார். நான் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்குக் கிளம்பியவன்தான், பெரம்பலூரில் சிநேகிதன் ரூமிலேயே தங்கிவிட்டாய். சென்னையில் ஏதோ ஹோட்டலில் வேலை கிடைத்திருப்பதும் ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறப்போவதும் செல்வராசு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கிற முத்தா உதுந்துடும்?" என்று உன் அப்பா தினமும் கேட்கிறார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஊரில் எனக்குக் கல்மனசுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. இருக்கட்டும். நான் ஏன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். அதோடு, நீ பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

மாசி மாதம் நீ அந்தச் சுற்றுலாத் துறை வேலையோடு வந்து நின்றபோது எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. திருச்சியில் சுற்றுலாப் படிப்பு படிக்கப் போனபோது "ஊர் சுத்தறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேலி செய்தவள் நான்தான். கோடை விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்னால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கடைக்காரர்களையும் ஆட்டோக்காரர்களையும் தயார் செய்வதுதான் வேலை என்று நீ சொன்னபோது, இதற்குக்கூடச் சம்பளம் கொடுப்பார்களா என்று நினைத்தேன். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் வாசல் கடைகளுக்குப் போனாய். சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போனாய். நம் ஊரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாய். சொந்த ஊர்க்காரர்களிடம் பாடம் நடத்த உனக்குக் கூச்சம், எனக்குத் தெரியும்.

ஆனால் வந்தவன் நன்றாகத்தான் ஆரம்பித்தாய். திருச்சி ரோட்டில் காரை நிறுத்தி இறங்கிய வெளியூர்க்காரன் மாதிரி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் போய் "மேல என்னங்க இருக்கு?" என்று கேட்டுப் போனில் பதிவு செய்தாய். சாயங்காலம் பந்தலில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாய். "ஒண்ணுமில்ல தம்பி, பழைய செவுருதான்" என்று காதர் பாய் குரல். "ஒண்ணுமில்ல சார், ஆடு மேயும்" என்று செல்வராசு. அதற்கடுத்து என் குரல், பெற்ற பிள்ளையின் குரலைக்கூட அடையாளம் தெரியாமல், "ஒண்ணுமில்லைங்க, சும்மா கல்லு" என்றது. பந்தலே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "நம்ம கோட்டைய நம்மளே ஒண்ணுமில்லன்னு சொன்னா வர்றவன் ஏன் நிக்கப் போறான்? டீயக் குடிச்சிட்டுத் திருச்சிக்குப் போயிக்கிட்டே இருப்பான்" என்று கத்தினாய். அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் போட்டாய். இனி யார் வாயிலிருந்து 'ஒண்ணுமில்ல' வந்தாலும், அவர் எல்லோருக்கும் காதர் பாய் வண்டியில் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுக்க வேண்டும். "நான் சொல்லிட்டா யாரு வாங்கித் தர்றது?" என்று பாய் கேட்டார். "நீங்க எங்களுக்குச் சும்மா ஊத்தணும் பாய்" என்றாய். அவரும் தலையாட்டினார்.

அந்தச் சொல்லை ஏன் அப்படிக் கெட்டியாகப் பிடித்திருக்கிறோம் என்று அன்றைக்கு இரவு நீ என்னிடம் கேட்டாய். எனக்குத் தூக்கம் வந்தது, சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இலை நிறையப் பரிமாறிவிட்டும் விருந்தாளியிடம் "ஒண்ணுமில்லைங்க, இருக்கிறதத்தான் வச்சேன்" என்கிறவர்கள் நாம். நம் பொருளை நாமே உயர்த்திச் சொல்லி, வந்தவர் முகம் சுளித்துவிட்டால் அந்த அவமானம் நமக்குத்தானே என்ற பயம் அது. இன்னொரு பக்கம், எங்கள் தெருவில் யாரும் அந்தக் கோட்டையைப் பார்ப்பதற்கென்று ஏறியதில்லை. என் அம்மா அடுத்தவர் வயலில் களையெடுத்துவிட்டு வரும் வழியில் விறகுக்கு ஏறுவாள். நான் ஆட்டைத் தேடி ஏறியிருக்கிறேன். வேலையாக ஏறியவளுக்கு வேடிக்கையாக என்ன தெரியும்? ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பொருளும் உண்டு. போகாதே, அங்கே உனக்கு ஒன்றும் கிடைக்காது என்று தடுப்பதற்கும் அதைத்தான் சொல்கிறோம். நீ எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் அடைத்தாய். நானும் அப்போது அதை யோசிக்கவில்லை.

நீ செய்த மற்ற காரியங்களை நான் மறக்கவில்லை. கடைக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டியே ஆக வேண்டும் என்று உன் அப்பாவோடு சண்டை போட்டுக் கட்ட வைத்தாய். கீற்றுப் பந்தலை இரண்டு மடங்கு இழுத்துவிட்டாய். காதர் பாய் ஒரே வாளித் தண்ணீரில் எல்லா டம்ளரையும் முக்கி எடுப்பதைப் பார்த்து, அவர் வண்டியிலேயே குழாய் வைத்த கேனைக் கட்டினாய். ஹைவேயில் பிரிவு ரோடு திரும்பும் இடத்தில் போர்டு வைத்தாய். பங்குனி முடிந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் கார்கள் நிற்கத் தொடங்கின. குழந்தை குட்டிகளோடு இறங்கினார்கள். செல்வராசு மீசையை முறுக்கிக்கொண்டு, "மேல போனா ராசா மாதிரி இருக்கும் சார்" என்று சொல்லப் பழகியிருந்தான். நுங்கு வெட்டுகிறவர்கள் மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த ஊர் கோட்டையை வைத்துப் பிழைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நீ செய்து காட்டினாய்.

பிறகு கத்திரி வெயில் பிறந்தது. அந்த நாளுக்கு வருகிறேன்.

உச்சிப்பொழுதுக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சமயபுரம் போய்விட்டு விழுப்புரம் திரும்புகிற கணவன் மனைவி. ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதப் பை. அந்த அம்மாவுக்கு முட்டி வலி, இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டது. டிரைவர் வண்டியை நிழலுக்கு ஒதுக்கப் போனான். அவர் கல்லாப்பெட்டி முன்னால் நின்று கேட்டார்.

"ரோட்டுல போர்டு பாத்தேன்மா. மேல என்ன இருக்கு?"

"இந்த நேரத்துக்கு மேல ஒண்ணுமில்லைங்க ஐயா, வெயில்தான் இருக்கு. மோர் குடிச்சிட்டு உக்காருங்க. வெயில் தாழப் போய்ப் பாக்கலாம்" என்றேன் நான்.

நீ சாப்பாட்டு மேஜையிலிருந்து துள்ளி எழுந்தாய். "அம்மா! சொல்லிட்ட பாத்தியா! சர்பத் அபராதம்!" என்றாய். பந்தலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாய் டம்ளரைத் தட்டிச் சத்தம் எழுப்பினார். நீ வந்தவரைப் பார்த்து, "அம்மா அப்படித்தான் சார் சொல்லுவாங்க, பொறந்ததுல இருந்து பாத்த கோட்டை. நீங்க போங்க சார். மேல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். அங்கேருந்து பாத்தா ஊரே தெரியும்" என்றாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்கம்மாவ சர்பத் வாங்கி வைக்கச் சொல்லு. வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிரசாதப் பையை மேஜைமேல் வைத்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினார். நான் மறுபடியும் வாய் திறக்கவில்லை. வெளியாள் முன்னால் பிள்ளையை மட்டம் தட்டக் கூடாது என்று நினைத்துவிட்டேன். அது என் பங்கு. அதை நான் வைத்துக்கொள்கிறேன், உன்னோடு பாகம் பிரிக்க வரவில்லை.

அந்த அம்மா பின்பக்கமிருந்து முகம் கழுவி வந்து, "ரோட்டோரத்துல இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாக்கலைங்க" என்றது. உனக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "இவர் எங்க?" என்று கேட்டதற்கு மேலே போயிருக்கிறார் என்றேன். "உக்கார மாட்டாரே" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தது. மகள் பிரசவம், மருமகன் வேலை என்று பேச்சு போனது. சர்பத் ஊற்றி வைத்த டம்ளரில் ஐஸ் கரைந்துகொண்டே வந்தது. அந்த அம்மாவின் பேச்சு குறைந்து, கண் மேலேயே போக ஆரம்பித்த பிறகுதான் நீ தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாய்.

மேல் சுவரின் ஓரத்தில், நிழல் இருக்கும் என்று நம்பிப் போன இடத்தில், அவர் விழுந்து கிடந்ததை நீதான் பார்த்தாய். நாங்கள் பார்த்தது, நீ அவரை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கி வந்ததைத்தான். செருப்பு எங்கேயோ கழன்று, பாறைச் சூட்டில் வெறுங்காலோடு வந்தாய். "யா அல்லாஹ்" என்று காதர் பாய் வண்டியிலிருந்த ஐஸ் கட்டி முழுவதையும் உடைத்துச் சாக்கில் கொட்டினார். விழுந்தவர் உடம்பில் வேர்வையே இல்லை, தொட்டால் சுட்டது. ஏதேதோ உளறினார். அந்த அம்மா கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் கண் திறக்கும் வரை நீ வராந்தாவை விட்டு நகரவில்லை. உன் உள்ளங்கால் கொப்புளத்துக்கு மருந்து போடக்கூட நர்சுதான் பிடித்து இழுத்து உட்கார வைத்ததாம். சொந்தக்காரர்கள் வந்து அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போன பிறகுதான் நீ வீட்டுக்கு வந்தாய். மறுநாள் பந்தலில் எல்லோரையும் கூட்டினாய்.

இப்போது நான் ஏன் திரும்பிக்கொண்டேன் என்று சொல்கிறேன். 'உன் தப்பு இல்லை' என்று நான் சொன்னால் அது பொய். நீ அன்றைக்கு என் வாயிலிருந்து அந்தப் பொய்யைத்தான் எதிர்பார்த்தாய். ஊரே சொல்லியும் உனக்கு ஆறவில்லை, நான் சொன்னால் ஆறும் என்று நினைத்தாய். சொல்லியிருந்தால் உனக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்கும். ஆனால் கல்லாவில் நின்று நான் சொன்னதும் நீ சொன்னதும் நம் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துகொண்டே நீ என் முகத்தைப் பார்த்திருப்பாய். அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் உனக்கு எடுபடாது. பிள்ளையைத் தேற்றப் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். சின்ன வயதில் நீ வந்தவர்களிடமெல்லாம், கோட்டைக்குள்ளிருந்து செஞ்சி வரைக்கும் சுரங்கம் போகிறது என்று கதை விடுவாய். டார்ச் லைட்டோடு போய்த் தேடி, முள்ளில் கிழிபட்டு வந்து ஒரு காலேஜ் கூட்டம் உன்மேல் கத்தியது. நான் உன்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "சின்னப் புள்ளைங்க, விடுங்க" என்று அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்தவரைச் சந்தோஷப்படுத்த எதையும் சொல்லலாம் என்று நீ நினைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அதே மாதிரி, பந்தலில் நீ சொன்னதும் முழுதாக உண்மை இல்லை. இந்த வேலையே தப்பு, நீ ஊரைக் கெடுத்துவிட்டாய் என்கிற மாதிரி பேசினாய். நீ கட்ட வைத்த கழிப்பறை தப்பா? டம்ளரைக் கழுவச் சொன்னது தப்பா? நம் கோட்டையை நாம் மதிக்க வேண்டும் என்றது தப்பா? வெயிலைப் பார்த்துச் சொன்ன ஒருத்தியின் பேச்சைக் கேலி செய்து, வயசான ஒரு மனுஷரை உச்சி வெயிலில் ஏற்றிவிட்டாய். தப்பு அதுதான், அந்த அளவுதான். அதைப் பூதமாக்கிக் காட்டிவிட்டு ஊரைவிட்டு ஓடுவதும் ஒன்றுதான், ஒன்றுமே நடக்காத மாதிரி துடைத்துவிட்டுப் போவதும் ஒன்றுதான். இரண்டிலும் அதன் சரியான அளவை நீ பார்க்க மாட்டாய். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது தம்பி, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. 

நீ போன பிறகு கடைகள் என்ன ஆயின என்று கேள். எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. வெயில் தாழ்ந்து அருமையாகக் காற்று வரும் நேரத்தில் இறங்கிய ஒரு குடும்பத்தை, "மேல ஒண்ணுமில்ல சார், போங்க போங்க" என்று செல்வராசு பிரிவு ரோட்டிலேயே விரட்டிவிட்டான். குழந்தைகள் அழுதுகொண்டே காரில் ஏறின. காதர் பாய் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நீ செய்த மாதிரியே எல்லோரையும் பந்தலுக்குக் கூப்பிட்டேன். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"இருக்கிறத இருக்குன்னு சொல்லுவோம், இல்லாதத இல்லன்னு சொல்லுவோம். கோட்டை இருக்கு, உள்ள மசூதி இருக்கு, காத்து இருக்கு. தண்ணி இல்ல, நெழல் இல்ல. இவ்வளவு சொல்றதுல நம்ம வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"அதுக்கு மேல அவங்க போனா?" என்றான் செல்வராசு.

"போனா நீ கூடப் போ. தண்ணிய எடுத்துக்கிட்டுப் போ."

"நான் உப்பும் சக்கரையும் கலந்து ஒரு பானை தனியா வச்சிடறேன்மா, யாவாரத்துக்கு இல்ல" என்றார் காதர் பாய். இப்போது விடியும்போதே கடை திறக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கியவர்களுக்கு இட்லி, பொங்கல். உச்சிப்பொழுதில் யாரையும் ஏற விடுவதில்லை, பந்தலில் உட்கார வைத்து நுங்கு கொடுக்கிறோம். கூட்டம் முன்னைப்போல இல்லை, ஆனால் நிற்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கடைக்காரர்கள் நீ போனை எடுக்கவில்லை என்று எனக்குப் போன் செய்கிறார்கள். கோயில் பிராகாரத்துத் தரை சுடுகிறது, பாதம் கொப்பளித்து வருகிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மீதியை நீதான் சொல்ல வேண்டும். இதைக் காட்டி உன்னைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. சென்னை வேலை உனக்குப் பிடித்தால் போ. நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. நீ பந்தலில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாயே, அவர்களுக்கு நீ என்ன செய்தாய்? விழுந்தவர் அங்கே இல்லை. உன்னைத் திட்டக்கூடியவர்கள் யாருமே அங்கே இல்லை. இது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் போன புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், கார் டிரைவரிடம் விலாசம் வாங்கி விழுப்புரம் போனேன். உன் அப்பாவுக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயிருக்கு இனி பயமில்லை. ஆனால் வலது கை நடுங்குகிறது, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், பேசும்போது சொல்லைத் தேடுகிறார். தனியாக வெளியே அனுப்புவதில்லை. சமயபுரத்தில் கும்பிட்டது வரைதான் ஞாபகம் இருக்கிறதாம். நம் கடைக்கு வந்ததோ, நின்று பேசியதோ, ஏறியதோ எதுவும் நினைவில் இல்லை. என்னை யார் என்றே தெரியவில்லை, ஆனாலும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

அந்த அம்மாவுக்கும் தெரியாது. அது பின்பக்கம் இருந்த நேரத்தில்தானே நம் பேச்சு நடந்தது. "இவருக்குப் புடிவாதம்ங்க. வெயில்ல ஏறாதீங்கன்னு நீங்க எவ்வளவோ சொல்லியிருப்பீங்க, இந்த மனுஷன் யாரு பேச்சக் கேட்டாரு? கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கததான். இப்ப பாருங்க, என்னையும் சேத்து உக்கார வச்சிட்டாரு" என்று அவர் எதிரிலேயே சொன்னது. அது தினமும் சொல்கிற பேச்சு என்று எனக்கு அந்த வேகத்திலேயே புரிந்தது.  அவரோ தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "ஆமா, நான்தான்... நான்தான்" என்றார். தனக்கு ஞாபகமே இல்லாத ஒன்றை அவர் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தம்பி. அவர் யார் பேச்சையும் மீறி ஏறவில்லை. நீதான் 'போங்க' என்று சொன்னாய், உன்னை நம்பிப் போனார்.

என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொன்னால், உனக்கு அந்த வாசலில் ஏறும் வழியே இல்லாமல் போய்விடும். அதனால் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "அவர ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அவர் மேல தப்பு இல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சின்னு எம் பையன் வந்து சொல்லுவான்" என்றேன். உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "தூக்கிட்டு வந்த தம்பிதானே? அந்தப் புள்ள இல்லன்னா இவரு ஏது? அவசியம் வரச் சொல்லுங்க, எங்கையால ஒரு வேள சோறு போடணும்" என்றது. அவர் நிமிர்ந்து பார்த்து, "வரட்டும், வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பைபாஸிலேயே போகிற வண்டியில் ஏறாதே. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள் போகிற வண்டியாகக் கேட்டு ஏறு. அது நம் பிரிவு ரோட்டைத் தாண்டித்தான் போகும். இங்கே இறங்க வேண்டாம், என்னைப் பார்க்க இப்போது அவசரமில்லை. விழுப்புரத்தில் இறங்கு. வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த அம்மா உன்னைப் பார்த்ததும் இலையைப் போட்டுவிடும், நல்ல மனசு. நீ சாப்பிட உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிடு.